பேர் போடாத 25 வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் கடிதப் பகுதியில் மலையக வர்த்தகர் ஒருவர் எழுதியிருந்ததை வாசித்தேன். 1948இல் நம்மை நாடற்றவர்களாக்கிய அரசுக்கு, நம் தோட்டங்களுக்கு ஒழுங்கான பாதை கூடப் போட்டுத் தராத அரசுக்கு, நாம் ஏன் முழுக் கணக்கையும் காட்டி வரி கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒளித்து வைக்கிற காசும் வீணாகப் போவதில்லை, அதை வைத்து நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தானே வேலை கொடுக்கிறோம் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வசனத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் ஹட்டன் நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 1988இலிருந்து 2024 தை மாதம் வரை கணக்கெழுதியவன். இப்போது வயது 69. என் பெயரையும் விலாசத்தையும் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அவற்றை அச்சிட வேண்டாம். அச்சிட்டால் கடை எதுவென்று ஊருக்குத் தெரிந்துவிடும், நடந்துகொண்டிருக்கும் விசாரணைக்கு இடைஞ்சலாகும்.

எங்கள் கடையில் இரண்டு கணக்கு இருந்தது. பில் புத்தகத்தில் ஏறியது ஒன்று. துண்டில் எழுதி விற்று, பின்னேரம் லாச்சிக் காசோடு சரிபார்த்து, முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் கொப்பியில் ஏறியது இன்னொன்று. இரண்டையும் எழுதியது நான்தான். சாமான் வாங்க வந்தவரிடம் "பில் வேணுமா, துண்டு போதுமா? துண்டுன்னா கொஞ்சம் குறைச்சுப் போடலாம்" என்று கேட்பது எங்களுக்குப் பழக்கம். பத்துப் பேரில் எட்டுப் பேர் துண்டு போதும் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. லயத்துக் கூரைக்கு நாலு தகரம் வாங்க வந்தவருக்கு நூறு ரூபாவும் பெரிய காசு.

வியாபாரத்தை ஒளிப்பது வேறு, ஆளை ஒளிப்பது வேறு என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். முதலாவது அரசாங்கத்தோடு முதலாளிக்கு உள்ள வழக்கு, இரண்டாவது சம்பளம் சம்பந்தப்பட்ட காரியம் என்று. அது பிழை என்று எனக்கு விளங்கியது ஒவ்வொரு வருடமும் பங்குனி முடிந்ததும் வரிக் கணக்குத் தயாரிக்கும்போது. பில்லில் காட்டிய வியாபாரம் சிறியது. அந்தச் சிறிய வியாபாரத்துக்கு 17 பேரின் சம்பளத்தை எப்படி எழுதுவது? எழுதினால், இவ்வளவு சம்பளம் கொடுக்கக் காசு எங்கிருந்து வந்தது என்று இறைவரி அதிகாரி முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுவார். ஆகவே வியாபாரத்தைக் குறைத்தவர் ஆளையும் குறைத்தே ஆக வேண்டும். கடையில் 17 பேர் வேலை செய்தோம். புத்தகத்தில் 5 பேர் இருந்தோம். அந்த 5 பேரில் நான் ஒருவன். மீதி 12 பேர் அந்த ஒளித்த வியாபாரத்தோடு சேர்ந்து ஒளிக்கப்பட்டவர்கள்.

பிறகு கடையை மூன்று பேரில் பதிந்தார்கள். ஹார்ட்வெயார் முதலாளி பேரில், பெயின்ட் பக்கம் அவர் மனைவி பேரில், லொறியும் பலகையும் தம்பி பேரில். கூரை ஒன்று, லாச்சி ஒன்று, தேத்தண்ணிக் கேத்தல் ஒன்று. இப்படிப் பிரித்தால் வற் என்கிற பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டிய எல்லைக்குள் எந்தப் பேரும் வராது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். 5 வருடம் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் அந்தச் சட்டப்படி சேர வேண்டும். மூன்றாகப் பிரித்த கடையில் எந்தத் துண்டிலும் 15 பேர் இல்லை. அரசாங்கத்துக்குப் போட்ட அதே வேலியில்தான் நம் பிள்ளைகளும் மாட்டினார்கள்.

அந்தப் 12 பேரில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1998இல், 19 வயதில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தார். சாதாரண தரம் வரை படித்தவர். சிங்களமும் நன்றாகப் பேசுவார். தோட்டத்தில் நாட்கூலிக்குப் பேர் போடுவதை விட டவுனில் கடை வேலை மதிப்பு என்று அவருடைய அம்மாவே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். முதல் சம்பளம் 3,000 ரூபா. காலை ஏழரைக்குக் கதவு திறப்பதிலிருந்து இரவு பூட்டு மாட்டுவது வரை அவர் கை படாத வேலை அந்தக் கடையில் இருக்கவில்லை. சீமெந்து லொறி வந்தால் 50 கிலோ மூட்டை ஒவ்வொன்றாக அவர் முதுகில்தான் இறங்கும்.

2005இல் ஒரு நாள் முதலாளி, அவரைச் சேமலாப நிதியில், அதாவது தொழிலாளியும் முதலாளியும் மாதா மாதம் போட்டு ஓய்வில் தொழிலாளிக்குக் கிடைக்கும் ஊழியர் சேமிப்பில், பதிவோமா என்று தானாகவே கேட்டார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. அப்போது அவருக்குக் கலியாணம் முடிந்து முதல் பிள்ளை பிறந்திருந்தது. என்னிடம் வந்து, "கிளாக்கர் அண்ணே, பிடிக்காம முழுசாவே குடுக்கச் சொல்லுங்க. மாசக் கடைசியில அந்த எட்டு வீதம் எனக்குப் பெருசு" என்றார். நான் போய் அப்படியே முதலாளியிடம் சொன்னேன். முதலாளிக்கும் அது வசதி.

அன்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வசனம். "உன்னிடம் பிடிப்பது 8. உனக்காக முதலாளி போட வேண்டியது சேமலாப நிதிக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3. 8ஐ மிச்சம் பிடிக்கிறேன் என்று 15ஐ விடுகிறாய்." எனக்கு அது தெரியும். என் சொந்தக் கணக்குக்கு மாதா மாதம் அந்தக் காசு போகிறதா என்று நான் தவறாமல் பார்த்தவன். தொழிலாளி வேண்டாம் என்று சொன்னாலும் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு நீங்காது என்பதும் எனக்குத் தெரியும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சேமலாப நிதிச் சட்டம் ஒரே ஒரு ஆளை வைத்து வேலை வாங்கும் கடைக்கும் பொருந்தும், தற்காலிக ஆளுக்கும் பொருந்தும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு எனக்கு ஒரு சம்பள உயர்வும் கிடைத்தது.

2011 என்று நினைக்கிறேன், மழைக்காலம். தொழில் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி திடீரென்று கடைக்கு வந்தார். இப்படி யாராவது வந்தால் புத்தகத்தில் இல்லாதவர்கள் பின்பக்கத்தால் இறங்கி எதிரே தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட வேண்டும். எல்லோரும் போய்விட்டார்கள். நான் சொல்லிவந்தவர் மட்டும் குழாய் ராக்கைக்கு முன்னால் அகப்பட்டுக்கொண்டார். கையில் ஒரு குழாய்த் துண்டு. அதிகாரி, "நீங்க இங்க என்ன செய்றீங்க?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். முதலாளியும் என்னைப் பார்த்தார். "அரை இஞ்சி எல்போ ரெண்டு வாங்க வந்தேன்" என்றார் அவர். நான் பில் புத்தகத்தை இழுத்து, அவர் பேரை மேலே எழுதி, அரை இஞ்சி எல்போ இரண்டுக்குப் பில் போட்டுக் கையில் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து சொந்தக் காசை எண்ணித் தந்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். குடை கூட உள்ளேதான் இருந்தது. அவர் அங்கே வேலை செய்த 25 வருடத்தில் கடைப் பில் புத்தகத்தில் அவர் பேர் ஏறியது அந்த ஒரு நாள்தான், வாடிக்கையாளராக.

2023 ஐப்பசியில் லொறியிலிருந்து மூட்டை இறக்கும்போது ஈரப் பலகை வழுக்கி விழுந்தார். முள்ளந்தண்டில் அடி. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வேலை செய்யும் இடத்தில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க 1934இலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் அவர் வேலை செய்தவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. ஒரு கவரில் 50,000 ரூபா வைத்து, "வீட்டில இருந்து ஓய்வெடு, பிறகு பார்ப்போம்" என்று அனுப்பினார்கள். அந்தப் பிறகு வரவே இல்லை. நான் மூன்று மாதம் கழித்து விலகினேன்.

விலகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மா என் வீட்டுக்கு வந்தார். 70 வயதைத் தாண்டியவர். தோட்டத்தில் 38 வருடம் கொழுந்து எடுத்தவர். உள்ளே வரச் சொன்னேன், இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். மகனுக்கு ஏதாவது காசு வருமா என்று கேட்கத்தான் வந்தார். நான் சுற்றி வளைத்துச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அய்யா, நான் எழுத்து வாசனை தெரியாதவ. ஆனா வேலைக்குப் போன நாளெல்லாம் எம் பேரு செக்ரோல்ல ஏறுச்சு. மழையில பாதி நாள் நின்னாலும் அரைப் பேராவது ஏறுச்சு. வேலைய விட்டு நிக்கும்போது ஈ.பி.எப். காசு வந்துச்சு, சர்வீஸ் காசு வந்துச்சு. காம்பிராவுக்குப் பின்னால குசினி கட்டுனது அந்தக் காசுல. இவன் படிச்ச பிள்ளை. இவன் பேரு எங்கங்கய்யா ஏறுச்சு?"

தோட்டத்தில் வளராத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். செக்ரோல் என்பது அன்றன்றைக்கு வேலைக்கு வந்தவர்களின் பேர் ஏறும் தோட்டப் பதிவு. ஈ.பி.எப். சேமலாப நிதி, சர்வீஸ் காசு பணிக்கொடை. மலையகத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். இன்றைக்குப் பேர் கிடைத்ததா, அரைப் பேர்தானா என்று கேட்பது நம் பேச்சு. ஆள், வேலை, கூலி மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், அதையும் அவர் குடிக்கவில்லை.

அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். 25 வருடத்தில் அவர் கைக்கு வந்த சம்பளம் மொத்தம் ஏறத்தாழ 48 லட்சம் ரூபா. ஆரம்ப வருடங்களுக்கு ஞாபகத்திலிருந்து எடுத்தேன், பிந்திய வருடங்களுக்கு என்னிடம் எழுத்தில் உண்டு. அதில் 12 வீதம் 576,000. நம்பிக்கை நிதிக்குரிய 3 வீதம் 144,000. அவருடைய பங்கு 8 வீதம் 384,000. ஒரு சதம் வட்டியும் சேராமல் 11 லட்சத்து 4 ஆயிரம். கடைசிச் சம்பளம் 36,000 என்பதால் பணிக்கொடை, வருடத்துக்கு 18,000 வீதம், 450,000. வட்டியைச் சேர்க்க முயன்று இடையில் விட்டுவிட்டேன். 2023இல் மட்டும் சேமலாப நிதி உறுப்பினர்களுக்கு 13 வீதம் வட்டி போட்டார்கள். எனக்கும் போட்டார்கள்.

இப்போது அந்த வர்த்தக நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் செய்ததை நான் மறக்கவில்லை. என் தகப்பனார் செத்தபோது அவர் எந்த நாட்டுக்காரர் என்று எழுத முடியாமல் நின்ற குடும்பம் எங்களுடையது. தேயிலைக் காசில் இந்த நாடு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியபோது தோட்டத்துப் பள்ளிகள் பெரும்பாலும் 1970களிலும் அதற்குப் பிறகும்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன என்பதும் தெரியும். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ஐயா, அந்தக் கோபத்தை நாம் யார் தலையில் இறக்கினோம்? அன்றைக்கு அரசாங்கம் நம் பாட்டன் பாட்டிகளைப் பதிவில் இல்லாத ஆட்களாக்கியது. அவர்களின் பேரனை அதே மாதிரிப் பதிவில் இல்லாத ஆளாக்கியது நாம். கொழும்பிலிருந்து ஒருவரும் வந்து செய்யவில்லை. ஹட்டன் டவுனில், நம் பாஷை பேசுகிற முதலாளியும் நம் பாஷையில் கணக்கெழுதிய நானும் சேர்ந்து செய்தோம்.

கட்டுகிற வரியை அரசியல்வாதி தின்கிறான் என்பது அடுத்த நியாயம். தின்றவர்களை நாடே பார்த்தது, அதில் நான் வாதாட வரவில்லை. சேமலாப நிதியிலும் 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று கை வைத்தார்கள். அரசுக்குச் சொந்தமான தோட்டங்களே சேமலாப நிதியை வருடக்கணக்காக நிலுவையில் போட்டதும் ஊரறிந்தது. இருந்தும், அந்த 12 வீதமும் 3 வீதமும் தொழிலாளியின் சொந்தப் பேரில் விழும் காசு. அதை முதலாளி கட்டாமல் விட்டதால் எந்த அரசியல்வாதிக்கு என்ன குறைந்தது?

வருமான வரியும் ஏழைக்குப் பாரம் என்கிறார்கள். 2025 சித்திரையிலிருந்து மாதம் 150,000 ரூபா வரை உழைப்பவருக்கு வருமான வரியே இல்லை. பஸ் ஸ்டாண்டில் மரக்கறி கூறு போட்டு விற்கிற அக்காவும், முச்சக்கர வண்டி ஓட்டுகிற தம்பியும், ஞாயிறில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்ணும் எந்த வருமான வரியையும் ஏய்க்கவில்லை. அவர்களைக் காட்டித் தப்பிக்கிறவர்கள் வேறு ஆட்கள். அந்தக் கொழுந்து எடுக்கிற பெண் வாங்குகிற சவர்க்காரத்திலும் போனுக்குப் போடுகிற ரீலோடிலும் வற் வரி இருக்கிறது. அவர் துண்டில் வாங்கித் தப்ப முடியாது. 2019 மார்கழியில் 15 வீதத்திலிருந்து 8ஆகக் குறைத்த அந்த வரியை, நாடு 2022 சித்திரையில் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்த பிறகு, 12, 15 என்று ஏற்றி, 2024 தையில் 18 வீதமாக்கினார்கள். மேலே இருக்கிறவர்கள் காட்டாமல் விட்டதைக் கீழே இருக்கிறவர்களின் சவர்க்காரத்திலிருந்து எடுக்கிறார்கள். நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன், ஆனால் ஒரு பக்கத்தில் எழுதாமல் விட்டது இன்னொரு பக்கத்தில் ஏறியே தீரும் என்பது கணக்கெழுதுகிறவனுக்குத் தெரியும்.

எங்கள் முதலாளி கெட்ட மனிதர் அல்லர். அவருடைய உப்பைத் தின்றவன் நான், அதையும் எழுத வேண்டும். தீபாவளிக்கு எல்லோருக்கும் உடுப்பு எடுத்துக் கொடுப்பார். முள்ளந்தண்டில் அடிபட்ட அந்தத் தம்பியின் மகளுக்குச் சடங்கு வைத்தபோது பந்தல் செலவு முழுவதும் அவருடையது. கோயில் திருப்பணிக்குக் கொடுத்ததற்காக அவருடைய பேர் கல்லில் வெட்டியிருக்கிறது. கொடுக்கிற கைதான். ஆனால் தான் விரும்பிக் கொடுப்பதும் மற்றவனுக்குக் கொடுக்க வேண்டியிருப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் யோசித்ததில்லை, யோசிக்க நானும் விடவில்லை. இரண்டு கணக்கும் கோணலில்லாமல் அவர் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தவரை அவருக்கு யோசிக்க அவசியம் வரவில்லை.

கடையில் வேலை செய்தவர்கள் கிழமைக்குக் கிழமை எடுக்கும் அட்வான்சுக்கு நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். திகதி, தொகை, வாங்கியவர் கையெழுத்து. வருடம் முடிந்ததும் எரித்துவிடச் சொல்வார்கள். 2009இலிருந்து நான் எரிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது. பழைய பிஸ்கட் தகரத்துக்குள் 15 கொப்பி கிடந்தது. அந்த அம்மா வந்து போன மறுகிழமை தகரத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய லயத்துக்குப் போனேன். அந்தத் தம்பி கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு கொப்பியாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "அண்ணே, இது சின்னவ பொறந்த கிழமை எடுத்த அட்வான்ஸ்" என்றார்.

அவரும் நானும் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். நியமனக் கடிதம் இல்லையே என்று அவர் பயந்தார். சம்பளம் வாங்கியதைக் காட்டும் எதையும் கொண்டுவரச் சொன்னார்கள், கூட வேலை செய்தவரின் வாக்குமூலமும் உதவும் என்றார்கள். கட்டாமல் விட்ட சேமலாப நிதிக்கு மேலதிகக் கட்டணமும் உண்டு, தாமதத்தைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை. மற்றப் 11 பேரில் மூன்று பேர் இப்போது எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு இன்னும் அதே கடையில் வேலை, அவர்கள் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். முதலாளி தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 36 வருடப் பழக்கம். அது எனக்கு வலிக்கிறது.

நுவரெலியா, தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை, நாவலப்பிட்டி என்று நம் டவுன்களில் என்னைப் போல் கடைக் கணக்கு எழுதி ஓய்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தகரமோ பையோ கிடக்கும். அதில் யார் யார் பேர் இருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அந்த ஆட்கள் இப்போது எங்கே என்று தேடிப் பாருங்கள். அவர்களுக்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

எங்களுக்கு அடுத்த விசாரணை வருகிற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அவரால் பஸ்ஸில் அதிக நேரம் உட்கார முடியாது என்பதால் ஒரு முச்சக்கர வண்டி பேசியிருக்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைக் கணக்கெழுத்தர்,
ஹட்டன்.